கொடிக்கால் வழியே சைக்கிள் சவாரி

சேலம், நாமக்கல் சீமையில் மிதித்துப் பார்க்க வேண்டிய சாலைகள்

பிரான்சு தேசத்தின் கிழக்கு ஓரத்தில் அல்சாஸ் என்றொரு பிரதேசம் இருக்கிறது. மேடும் பள்ளமுமான பூமி. பார்க்கும் இடமெல்லாம் திராட்சைத் தோட்டம். அந்தத் தோட்டங்களின் நடுவே ஊர் ஊராக வளைந்து செல்லும் சாலைக்கு 1953-ம் ஆண்டில் 'ஒயின் சாலை' என்று பெயர் சூட்டினார்கள். அதன் நீளம் சுமார் 170 கிலோமீட்டர். இன்று அதையொட்டிச் சைக்கிளுக்கென்றே ஒரு வழியும் இருக்கிறது. பல தேசத்து ஜனங்கள் விடுமுறைக்கு அங்கே போய், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே நிதானமாக மிதித்துச் செல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வழியில் பெரும்பகுதி முன்பே இருந்த கிராமச் சாலைதான். பெயர் வைத்தார்கள், வழிகாட்டிப் பலகை நட்டார்கள், சைக்கிளில் போகிறவன் பயமில்லாமல் போக வகை செய்தார்கள். அவ்வளவுதான்.

சேலமும் நாமக்கல்லும் திராட்சைக்குப் பேர் போன ஊர்கள் அல்ல. ஆனால் கொடிக்கு இங்கே பஞ்சமில்லை. காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடி. கொல்லிமலையில் மிளகுக் கொடி. ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை, தெற்கே ஆறு, நடுவே மரவள்ளியும் கரும்பும் விளையும் சமவெளி. சைக்கிளில் சுற்றிப் பார்ப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

லாரிகளின் ஊர்

வேண்டியது ஒன்று இருக்கிறது. அதுதான் சரியான சாலையைத் தேர்ந்தெடுக்கும் புத்தி.

1997-ல் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்த நாமக்கல், லாரிக்குக் கூடு கட்டும் தொழிலுக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர். முட்டை ஏற்றிய வண்டிகளும், பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ராட்சத வண்டிகளும் சேலம், நாமக்கல், கரூர் நெடுஞ்சாலையில் இரவு பகல் ஓடிக்கொண்டிருக்கின்றன. சாலை கண்ணாடி போல இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வழவழப்பு லாரிக்குக் கிடைத்த வேகம். சைக்கிள்காரனுக்கு அது ஆபத்து. பக்கத்தில் ஒரு பெரிய வண்டி பாய்ந்து செல்லும்போது, அதன் காற்று முதலில் வெளியே தள்ளும்; வண்டி கடந்தவுடன் உள்ளே இழுக்கும். பழகாதவன் கை நடுங்கிப் போவான்.

ஆகவே நெடுஞ்சாலையை விட்டு விலகிப் போகும் வழிகளே சைக்கிளுக்கு உகந்தவை. அப்படிப்பட்ட வழிகள் இங்கே பல உண்டு. இரண்டைப் பார்ப்போம்.

மலையோரச் சாலை

இராசிபுரத்திலிருந்து நாமக்கல்லுக்கு நெடுஞ்சாலையில் போகாமல், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாகச் சுற்றிப் போகலாம். ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இடது கைப்பக்கம் கொல்லிமலை கோட்டைச் சுவர் போல கூடவே வரும்.

சாலையின் இரு பக்கமும் மரவள்ளிக் காடு. இந்தக் கிழங்கை அரைத்து மாவாக்கித்தான் ஜவ்வரிசி செய்கிறார்கள். தமிழ்நாட்டின் ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் இந்தச் சீமைதான் தாய்வீடு. உற்பத்தியாளர்களின் சரக்கை விற்றுத் தர 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது. ஆலைக்கு அருகில் வரும்போது கிழங்கு மாவின் புளித்த வாசனையே முன்னால் வந்து சேதி சொல்லிவிடும்.

பேளுக்குறிச்சி மளிகைச் சாமான்களுக்குப் பேர் போன சந்தை கூடும் ஊர். வருஷத்துக்கு வேண்டிய மிளகு, சீரகம், மல்லியை மொத்தமாக வாங்கிப் போக வெளியூர்க் குடும்பங்கள் வந்து குவியும். சைக்கிள்காரனுக்கு அங்கே வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

கொடிக்கால் வழி

இரண்டாவது வழி இதைவிட அழகு. நாமக்கல்லிலிருந்து பரமத்தி வழியாக வேலூர் போக வேண்டும். வட ஆற்காட்டு வேலூர் அல்ல; காவிரிக் கரையில் இருக்கும் பரமத்தி வேலூர். அங்கிருந்து ஆற்றை ஒட்டி மேற்கே திரும்பினால் பொத்தனூர், பாண்டமங்கலம், பிறகு ஜேடர்பாளையம். திரும்பும்போது கபிலர்மலை வழியாகப் பரமத்தி வந்து சேரலாம். மொத்தம் 70, 80 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஏற்றம் அதிகம் இல்லை.

இந்த வழியில்தான் கொடிக்கால்கள் இருக்கின்றன. வரிசை வரிசையாக அகத்தி நட்டு, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டுகிறார்கள். அகத்தி நிழலும் கொடுக்கும், கொடிக்குத் தூணாகவும் நிற்கும். உச்சி வெயிலிலும் கொடிக்காலுக்குப் பக்கத்தில் போகும்போது ஈரக் குளிர்ச்சி முகத்தில் அடிக்கும். அல்சாஸ் திராட்சைக்கு இது எந்த வகையில் குறைச்சல்?

பறித்த இலையை நூறு நூறாக அடுக்கினால் ஒரு கவுளி. 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை. அதாவது ஒரு சுமையில் 10,400 இலை! வேலூர் ஏலத்தில் வெள்ளைக்கொடி என்றும் கற்பூரி என்றும் ரகம் பிரித்து, சுமைக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார்கள்.

ஆலை ஓடும் காலமாயிருந்தால் பிலிக்கல்பாளையத்துப் பக்கம் கரும்புப்பால் காய்ச்சும் வாசனை காற்றில் மிதந்து வரும். இங்கே உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் ஏலத்துக்கு வருகின்றன. களைத்து வரும் சைக்கிள்காரனுக்கு ஒரு துண்டு வெல்லமும் ஒரு செம்பு தண்ணீரும் போதும், அடுத்த பத்து மைல் தூரம் தெரியாது.

இத்தனை பசுமைக்கும் காரணம் ஜேடர்பாளையத்து அணைக்கட்டும், அங்கிருந்து பிரியும் ராஜவாய்க்காலும். அல்லாள இளைய நாயக்கர் என்ற குறுநிலத் தலைவர் வெட்டியது என்று ஜனங்கள் இன்றும் நன்றியோடு சொல்லுகிறார்கள். தண்ணீர் போகும் வழியில் செங்குத்தான ஏற்றம் இருக்க முடியாது அல்லவா? அதனால்தான் வாய்க்காலை ஒட்டிய சாலை சைக்கிளுக்கு இவ்வளவு சுகமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து வீசும் காற்று சமவெளி ஏற்றத்தைவிடப் பொல்லாதது. உடம்பில் தெம்பு இருக்கும் காலையிலேயே மேற்கு நோக்கிப் போய்விட வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்.

இருபதும் எழுபதும்

கால் பலம் உள்ளவர்களுக்கு மலைச் சாலைகள் காத்திருக்கின்றன. பிரான்சில் ஆல்ப் துவேஸ் என்ற மலைச் சாலை உலகப் பிரசித்தம். 1952-ல் முதன்முதலாக 'தூர் தெ பிரான்சு' பந்தயக்காரர்கள் அதில் ஏறினார்கள். அங்கே 21 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு.

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த மலை அது. கொல்லிமலையிலோ, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள்! இங்கும் ஒவ்வொரு வளைவுக்கும் எண் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஆல்ப் துவேஸை மூன்று தடவை ஏறியதற்கும் மேலே.

ஏறுவதற்கு வீரம் மட்டும் போதாது. பல் சக்கரமும் வேண்டும். சாதாரணச் சைக்கிளில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி 5 மீட்டருக்கு மேல் ஓடும். மலைக்கு ஏற்ற கியர் வண்டியில் அதையே 2 மீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். தூரம் குறையும், பாரமும் குறையும். வண்டியோடு 80 கிலோ எடையுள்ள ஒருவர் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் உடம்பு 700, 800 கலோரி செலவழிக்கும். சுமார் 15 இட்லிக்குச் சமானம்! வெறும் வயிற்றோடு ஏறப் பார்ப்பவர் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்.

வளைவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாலை இடது பக்கம் திரும்பும் வளைவில், இடது ஓரமாகப் போகிறவருக்கு உள்வட்டம் வாய்க்கும். அங்கே ஏற்றம் மிகக் கடுமை. வலது பக்கம் திரும்பும் வளைவில் அதே இடது ஓரம் வெளிவட்டமாகும், ஏற்றம் தணிந்திருக்கும். மூச்சு வாங்க வேண்டியது அங்கேதான்.

இறங்குவதே கஷ்டம்

ஏறுவது கஷ்டம், இறங்குவது சுலபம் என்று எண்ணுவது தப்பு. ஏறும்போது தோற்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறங்கும்போது தோற்றால் உயிருக்கே ஆபத்து.

பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கர விளிம்பு சூடேறும். சூடு மிஞ்சினால் டியூப் வெடித்துவிடும். ஆகவே வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். பத்து வளைவுக்கு ஒரு முறை நின்று, கைக்கும் விளிம்புக்கும் ஓய்வு கொடுப்பது நல்லது. கொல்லிமலையில் பஸ் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிட வேண்டும். மழைக்காலத்தில் மண்ணும் கல்லும் சரியும். அப்போது மலைப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம்.

யாருக்காக இந்த வழி?

விடுமுறையில் கியர் வண்டி ஓட்டும் பட்டணத்துக்காரர்களுக்காக இவ்வளவு அக்கறை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆனால் இந்தச் சாலைகளில் தினந்தோறும் சைக்கிள் மிதிப்பவர்கள் வேறு. விடியலில் கேனை மாட்டிக்கொண்டு போகும் பால்காரர். கொடிக்காலுக்குக் கூலிக்குப் போகும் தொழிலாளி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. 11-ம் வகுப்புப் பெண் ஒருத்தி சர்க்கார் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். வழியில் அவள் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. கடப்பதற்கு நல்ல இடம் இல்லாவிட்டால், சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறாள். சைக்கிளைக் கொடுத்தாயிற்று, அது போவதற்கு வழியைக் கொடுக்க வேண்டாமா?

உல்லாசப் பயணிக்குப் பயமில்லாத சாலை அந்தப் பெண்ணுக்கும் பயமில்லாத சாலைதான். அதற்குக் கோடி கோடியாகக் கொட்ட வேண்டியதில்லை. தாரும் மண்ணும் சேரும் இடத்திலுள்ள பள்ளத்தை மேடாக்க வேண்டும். ஊருக்குள் வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் வெளிச்சமும் தடுப்பும் வேண்டும். 'கொடிக்கால் வழி', 'மலையோர வழி' என்று எழுதிய பலகைகள் நான்கு முக்குகளில் நிற்க வேண்டும்.

அல்சாஸ்காரர்கள் பெயர் சூட்டியபோது அவர்களிடமும் இருந்தது பழைய கிராமச் சாலைதான். இங்கே மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கொடி இருக்கிறது, மிதிக்கக் காலும் இருக்கிறது. பலகை நட வேண்டியதுதான் பாக்கி.