மருத்துவமனை நிர்வாகம் படிக்கச் சேருமுன்

இரவுப் பணி முடிந்து, வார்டு பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும் நேரம் பார்த்து அந்த அழைப்பு வரும். "மேடம், உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்ல எம்.பி.ஏ. முடிச்சா நேரா நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஆயிடலாம். ஆன்லைன்தான், லீவே போட வேண்டாம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள சீட் பிளாக் பண்ணிட்டா பதினஞ்சாயிரம் தள்ளுபடி." பேசுபவர் தம்மை அகாடமிக் கவுன்சிலர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வார். பெரும்பாலும் அவர் ஆள் சேர்த்துக் கொடுப்பதற்கு ஊக்கத்தொகை வாங்கும் விற்பனைப் பிரதிநிதி.

படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவமனையை நடத்தத் தெரிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் நமக்கு மிகவும் தேவை. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்து 10 சிசுக்கள் மாண்டன. 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். மின் இணைப்புகளை யார் சோதித்தார், இரவில் யார் பொறுப்பு, நோயாளிகளை எந்த வழியாக இறக்குவது என்று இப்படிப்பட்ட ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழும் கேள்விகள் எல்லாம் நிர்வாகக் கேள்விகள். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் பாடம் கேட்கும் இடமாக வளர்ந்ததில் அறுவை சிகிச்சைத் திறமைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு நிர்வாகத்துக்கும் உண்டு. மற்ற மருத்துவமனைகளுக்கு அதைக் கற்றுத்தரவே லைக்கோ என்ற தனிப் பயிற்சி நிறுவனத்தை அவர்கள் நடத்துகிறார்கள்.

அதனால் படியுங்கள். ஆனால் எந்த நாற்காலிக்காகப் படிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பணமும் இரண்டு வருடமும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு எம்.டி. மருத்துவமனை நிர்வாகம் என்ற மூன்றாண்டு மருத்துவ முதுகலையே இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ், புனே ராணுவ மருத்துவக் கல்லூரி போன்ற சில இடங்களில் மட்டும் கிடைக்கும். இடங்கள் குறைவு, நீட் பி.ஜி. அல்லது ஐ.என்.ஐ. சி.இ.டி. தேர்வு எழுதித்தான் நுழைய முடியும். தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையில் மேலே போக நினைக்கும் மருத்துவருக்கு டி.பி.எச். பட்டயமோ சமூக மருத்துவத்தில் எம்.டி.யோதான் பேசும், ஆன்லைன் எம்.பி.ஏ. அங்கே அதற்கு ஈடாகாது. செவிலியர் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்றால் எம்.எஸ்சி. நர்சிங் வேண்டும், அது நேரடிப் படிப்பாக மட்டுமே நடக்கும். தனியார் மருத்துவமனையில் தர மேலாளர், செயல்பாட்டு மேலாளர், காப்பீட்டுப் பிரிவுத் தலைமை போன்ற பதவிகளுக்குத்தான் எம்.எச்.ஏ., எம்.பி.ஏ. (மருத்துவமனை மேலாண்மை) ஆகியவை நேரடியாகப் பயன்படும். வேலையில் இருந்துகொண்டே அடிப்படை கற்றுக்கொள்ள இக்னோவின் தொலைநிலை முதுகலைப் பட்டயம் போதும் என்பது என் கருத்து. பல தனியார் படிப்புகளோடு ஒப்பிட்டால் அதன் கட்டணமும் குறைவு.

அடுத்த கேள்வி, பட்டத்தை யார் தருகிறார்கள் என்பது. 1956ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். அந்தக் கட்டுப்பாடு பட்டத்துக்கு மட்டும்தான். "எக்ஸிகியூட்டிவ் புரோகிராம் இன் ஹெல்த்கேர் லீடர்ஷிப்" என்று தங்க எழுத்தில் அச்சிட்ட சான்றிதழை எந்த நிறுவனமும் விற்கலாம். அதில் கற்கவும் ஏதாவது இருக்கலாம். ஆனால் முதுகலை கேட்கும் பணி அறிவிப்புக்கு அதை வைத்து விண்ணப்பிக்க முடியாது.

பட்டம் உண்மையானதாகவே இருந்தாலும், அது நடத்தப்படும் முறைக்கு அனுமதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் பெயர்பெற்றதாக இருக்கலாம். நேரடி வகுப்பில் அது தரும் பட்டத்தில் குறை ஏதும் இல்லாமல் இருக்கலாம். அதே பாடத்தைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவிடம் (டி.இ.பி.) அது தனி அங்கீகாரம் பெற வேண்டும். தமிழ்நாட்டில் பெயர்பெற்ற ஒரு பல்கலைக்கழகம் 2015க்குப் பிறகு உரிய அங்கீகாரம் இன்றித் தொலைநிலைப் படிப்புகளை நடத்தியதாக யு.ஜி.சி. 2022இல் பொது அறிவிப்பே வெளியிட்டது. அந்த ஆண்டுகளில் நம்பிச் சேர்ந்தவர்களின் தவிப்பை நினைத்துப் பாருங்கள். 2017இல் உச்ச நீதிமன்றம், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை நிறுத்திவைத்தது. அவற்றை வைத்துப் பதவி உயர்வு பெற்று வேலையில் இருந்தவர்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டிவந்தது. அனுமதிச் சிக்கல் சேரும் நாளில் கண்ணில் படாது. பத்து வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில்தான் தலைகாட்டும்.

தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, நீங்கள் சேரும் படிப்பு, நீங்கள் சேரும் பருவம், இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். போன வருட அனுமதி இந்த வருடத்துக்குச் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் மாணவர்கள் ஏ.பி.சி. (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) எண்ணை வைத்து அதே தளத்தில் டி.இ.பி. ஐ.டி. என்ற அடையாள எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். "ஓ.டி.பி. சொல்லுங்க மேடம், நாங்களே போட்டுத் தர்றோம்" என்பார்கள். சொல்லாதீர்கள், நீங்களே செய்யுங்கள். செய்துகொண்டிருக்கும்போதே எது அனுமதி பெற்ற படிப்பு, எது இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஊர் ஊருக்குப் பயிற்சி மையம் என்ற பெயரில் வேறு ஆட்கள் சேர்க்கை நடத்தினால் விலகிக்கொள்ளுங்கள். பட்டப் படிப்புகளைக் குத்தகைக்கு விடுவதுபோல் எட்டெக் நிறுவனங்களிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்குள்ள நிறுவனங்கள் நடத்தும் அனுமதியற்ற படிப்புகள் பற்றி 2023 டிசம்பரில் தனியாக எச்சரித்தது. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்று பெற 2025இல் புது விதிமுறைகள் வந்திருக்கின்றன. குத்தகை ஏற்பாட்டில் பெற்ற பட்டத்துக்கு அங்கே இடமில்லை.

பணம் கட்டும்போது ரசீது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தால் யு.ஜி.சி.யின் கட்டணத் திருப்புதல் விதி உங்களுக்குப் பாதுகாப்பு. 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் 5 சதவீதம்தான் பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல். தாமதமாக ஆகத் திரும்பிவரும் தொகை குறையும். கடைசி நாளுக்குப் பிறகு 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது.

"மாசம் நாலாயிரம்தான், இ.எம்.ஐ." என்பதில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் ஒரு கடன் ஒப்பந்தம். கைப்பேசியில் இரண்டு முறை தொட்டதும் ஒரு நிதி நிறுவனத்துக்கு நீங்கள் கடனாளி. படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, வட்டி உட்பட மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையை முதலில் தர வேண்டும். அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளக் குறைந்தது ஒரு நாள் அவகாசமும் உண்டு. அந்த ஒரு நாளைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். நிதி நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேட்கலாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு வெட்கத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் நம்மவர்கள் அதிகம் செய்வது. படித்தவர்கள், அதுவும் மருத்துவத் துறையில் இருப்பவர்கள் ஏமாந்தோம் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அதை விடுங்கள். வாட்ஸ்அப் செய்திகள், ரசீது, விளம்பரம், அழைப்பு வந்த எண்கள் என்று எல்லாவற்றையும் சேமித்து, முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். அங்கும் நகரவில்லை என்றால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளம். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லிச் சேர்த்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கீகாரம் இல்லாமலே மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி, கட்டணத்தைத் திருப்பித் தந்து இழப்பீடும் தர வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் வழக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பல்கலைக்கழகமே போலி என்றால் அது மோசடிக் குற்றம், காவல் நிலையத்துக்குப் போங்கள். பணம் ஆன்லைனில் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

மருத்துவமனையே செலவு செய்து உங்களைப் படிக்க வைக்கிறது என்றால் சந்தோஷம்தான், ஆனால் பாண்டு பத்திரத்தை வரி விடாமல் படியுங்கள். எல்லாப் பாண்டும் செல்லாது என்று வெளியே சொல்வதை நம்ப வேண்டாம். மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதேசமயம், எவ்வளவு பெரிய தொகையை எழுதி வைத்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க ஒப்பந்தச் சட்டம் இடம் தருவதில்லை. அசல் சான்றிதழ்களைப் பிணையாக வாங்கி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சான்றிதழ் விற்பனைப் பண்டம் அல்ல, அதன்மீது பிடிமானம் கொண்டாட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அரசுப் பணியில் இருப்பவர்கள் ஆன்லைன் படிப்புதானே என்று அலட்சியமாகச் சேர்ந்துவிடாதீர்கள். துறையின் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அந்த விண்ணப்பத்திலேயே, இந்தப் பட்டம் எந்தப் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்ற கேள்வியையும் சேர்த்து, பதில் கோப்பில் ஏறும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.