உங்களுக்குத் தெரியுமா? அயல் தீவில் பிழைத்த வாலபி

டாமர் வாலபி, கங்காரு குடும்பத்தைச் சேர்ந்த சிறிய பைப்பாலூட்டி. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெருநிலத்தில் வாழ்ந்த இதன் கிளையினம் 1920களில் அங்கு அற்றுப்போனது. புதர்க்காடுகள் விளைநிலமானதும், ஐரோப்பியர் கொண்டுவந்த நரிகளும் இதற்குக் காரணம்.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1870 வாக்கில், நியூசிலாந்தின் முன்னாள் ஆளுநர் சர் ஜார்ஜ் கிரே, தமக்குச் சொந்தமான கவாவ் தீவில் சில டாமர்களை விட்டிருந்தார். அவை பெருகி, தீவின் செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தன. ஒழிக்க வேண்டிய தொல்லை விலங்குகளாகவே நியூசிலாந்தில் கருதப்பட்டன. 1990களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வு அந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. கவாவ் டாமர்கள், இன்றும் ஆஸ்திரேலியாவில் வாழும் கங்காரு தீவு டாமர்களின் வழி வந்தவை அல்ல. அழிந்ததாகக் கருதப்பட்ட பெருநிலக் கிளையினத்தின் நேரடி வாரிசுகள் என்பது உறுதியானது. ஒரு கிளையினம் முழுவதும் மயிரிழையில் தப்பியது எனலாம்.

2003இல் 85 டாமர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. மொனார்ட்டோ விலங்கியல் பூங்காவில் அவற்றின் இனம் பெருக்கப்பட்டு, 2004 முதல் யார்க் தீபகற்பத்திலுள்ள இன்னெஸ் தேசியப் பூங்காவில் விடப்பட்டன. நச்சு இரை வைத்து நரிகளைக் கட்டுப்படுத்தியதால்தான் அவை அங்கு நிலைக்க முடிந்தது.

அற்றுப்போனதாக நம்பப்பட்ட பார்மா வாலபியும் 1965இல் இதே கவாவ் தீவில்தான் கண்டறியப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், தாயகமான நியூ சவுத் வேல்ஸ் காடுகளிலும் அது உயிரோடு இருப்பது தெரியவந்தது.