காஹாங் மழையையும் வெயிலையும் தாங்குமா அந்தப் பழைய கேம்பர் வேன்?

பத்து பஹாட்டில் புறப்பட்டு ஆயர் ஈத்தாம், குளுவாங் வழியாகக் கிழக்கே ஓடும் 50ஆம் எண் கூட்டரசு சாலையில், ஜெமாலுவாங்குக்கு முன்னால் வரும் சிற்றூர் காஹாங். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். சாலை நெடுகக் குலை ஏற்றிய லோரிகள். இங்கிருந்து காட்டுப் பாதையில் திரும்பினால் ஜக்கூன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பெத்தா வரும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்கு ஜொகூர் பக்கமுள்ள நுழைவாயில்களில் அது ஒன்று. திரும்பாமல் நேரே போனால் மெர்சிங் கடற்கரை, தியோமான் தீவுக்குப் படகேறும் துறை. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் குடும்பங்களைச் சுமந்த வாகனங்கள் காஹாங்கைக் கடந்தபடியே இருக்கும்.

ஹோட்டல் அறை தேடாமல், வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்துப் பயணம் போகும் ஆசை கோவிட் முடக்கத்துக்குப் பிறகு மலேசியர்களிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. புதிய மோட்டார்ஹோம் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத விலை. அதனால் கண் பழைய வண்டியின் மீது போகிறது. யாரோ கட்டி, சில காலம் ஓட்டி, விற்க வைத்திருக்கும் சிறிய கேம்பர் வேன். உள்ளே மரப் பலகை, மஞ்சள் விளக்கு, மெத்தை, குட்டி அடுப்பு. பார்த்ததுமே மனம் விழுந்துவிடும். ஆனால் ஜொகூரின் கிழக்குப் பகுதியில் ஓட்டப்போகிறவர் மெத்தையை முதலில் பார்க்கக் கூடாது. கூரை, காற்று, எடை, கிராண்ட் எனும் பதிவு ஆவணம் ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் மெத்தைக்கு முறை வரவேண்டும்.

கூரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் மழை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையை நனைத்தெடுக்கும்; அந்த மாதங்களில் எண்டாவ் ரொம்பின் பூங்காவையே மூடிவிடுவார்கள். பழைய மோட்டார்ஹோமைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் கோளாறு இல்லை, தண்ணீர்தான். எஞ்சினை எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டலாம். சுவருக்குள் நீர் புகுந்து மரச்சட்டம் இற்றுப்போனால், உள்ளே கட்டியதையெல்லாம் பிய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும்.

எல்லா வகை வண்டியும் ஒரே மாதிரி ஒழுகுவதில்லை. தொழிற்சாலையில் செய்த இரும்பு வேன் உடலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் படுக்கை போட்டது ஒரு வகை. லோரியின் அடிச்சட்டத்தின் மேல் தனியாகப் பெட்டி கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கையையும் நீட்டிவிட்டது இன்னொரு வகை. இரண்டாவதில் இடம் தாராளம். ஆனால் பலகைகள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகளும் அதிகம். மூட்டுக்கு மூட்டு பசை பூசித்தான் நீரைத் தடுக்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டு அந்தப் பசை வெடிக்கும். தலைக்கு மேல் நீளும் படுக்கையின் முன் முனையில்தான் ஒழுக்கு முதலில் தலைகாட்டும். இரும்பு வேனில் அந்தக் கவலை குறைவு. அங்கே பார்க்க வேண்டியது, காற்றாடிக்காகவும் சோலார் தகடுக்காகவும் பிறகு கூரையில் போட்ட துளைகளை.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, கட்டைவிரல் போதும். சன்னல் மூலைகள், கூரை ஓரம், அலமாரியின் உள் மேல்தளம், மெத்தைக்கு அடியிலுள்ள பலகை என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல பலகை விறைப்பாக நிற்கும். நீர் குடித்த பலகை உள்ளே வாங்கும். மேலே ஒட்டிய தாள் கொப்புளித்திருந்தாலோ, பழுப்பு வளையம் தெரிந்தாலோ விலை பேச வேண்டியதில்லை, கிளம்பிவிடலாம். புதிதாக ஒட்டிய அலங்காரத் தாள் ஒரே ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். கதவைத் திறந்த நொடியில் வரும் வாடையும் ஒரு சாட்சி. வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால், எதை மறைக்க அது என்று கேட்கலாம். வண்டியைப் பார்க்க நல்ல நேரம் பிற்பகல் மழை கொட்டி ஓய்ந்த அரை மணி நேரம். மழை இல்லாத நாளில் ரப்பர் குழாயை எடுத்துக் கூரையில் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்சச் சொல்லலாம். மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

வெள்ளம் வேறு ஒரு கவலை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும் குளுவாங், சிகாமட், பத்து பஹாட் வட்டாரங்கள் நீரில் நின்றன. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் மூழ்கியபோது எத்தனையோ வாகனங்கள் கூரை வரை நீருக்குள் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவது நடக்கக்கூடியதே. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் உள் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கையின் அடித் தண்டவாளத் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் படிந்த நீராவித் தடம், கம்பளத்துக்கு அடியில் மணல் ஆகியவை விற்பவர் உதட்டால் சொல்லாததைச் சொல்லிவிடும். வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். மெர்சிங் கடற்கரையிலேயே கிடந்த வண்டி என்றால் உப்புக் காற்று சக்கர வளைவுகளை அரித்திருக்கும். அடிப்பகுதி முழுக்கப் புத்தம் புதுக் கறுப்புச் சாயம் மின்னினால், திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பார்ப்பது நல்லது. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்.

அடுத்தது காற்று. ஐரோப்பிய மோட்டார்ஹோம்கள் குளிருக்காகக் கட்டப்பட்டவை. சூடேற்றி, தடித்த சுவர், சிறிய திறப்பு. காஹாங்கில் இரவில் தூங்கவிடாதவை புழுக்கமும் கொசுவும்தான். இங்கே கூரையில் வெப்பக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் 12 வோல்ட் காற்றாடி, எதிரெதிராகத் திறக்கும் வலையடித்த இரண்டு சன்னல்கள், கூரைத் தகட்டுக்கு அடியில் வெப்பத் தடுப்பு ஆகியவை இருந்தால் பாதி வசதி வந்துவிட்டது. ஏர்கோன் இருக்கிறதே என்று விற்பவர் காட்டினால், எதில் ஓடுகிறது என்று கேட்க வேண்டும். கணக்கு எளிது. கூரை ஏர்கோன் ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1,280 வாட்-மணி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி நின்றுவிடும். இரவு முழுக்க ஓட வேண்டுமென்றால் வெளி மின்சாரம் வேண்டும், இல்லையேல் பேட்டரி வரிசையே வேண்டும். காற்றாடியோ அதே பேட்டரியில் விடிய விடியச் சுற்றும்.

மின் செலவில் குளிர்பெட்டி இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சிறிய கம்ப்ரசர் வகை, நம் வெக்கையில், ஒரு நாளுக்கு 500 வாட்-மணியை ஒட்டிக் குடிக்கும். பழைய வகை ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது 50தான். ஒரு நாள் குளிர்பெட்டிக்கு அது சரியாகப் போய்விடும். பழைய வண்டியில் பேட்டரியின் வயதைக் கேட்காமல் விலை பேசுவது வீண்.

ஜப்பானிலிருந்து ரீகோனாக, அதாவது புதுப்பித்த பழைய வண்டியாக, வந்ததில் மின்சாரம் இன்னொரு விதத்தில் கவனிக்க வேண்டியது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், மலேசியாவில் 230. உள்ளே பொருத்திய மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் அங்கத்திய அளவுக்கு ஏற்றவையாக இருந்து, அதை அறியாமல் இங்கே நேரடியாகச் செருகினால் கருகிவிடும். மின்மாற்றி பொருத்தியிருக்கிறதா, யார் பொருத்தினார்கள் என்று கேட்க வேண்டும். மற்றபடி ஜப்பானிய வண்டி நமக்குத் தோதானது. அங்கும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் பக்கவாட்டுக் கதவு சாலையோரமாகத் திறக்கும். வலப்பக்கம் ஓட்டும் ஐரோப்பிய நாடுகளுக்காகக் கட்டிய மோட்டார்ஹோமில் கதவு நடுச்சாலையை நோக்கித் திறக்கும். செம்பனை லோரிகள் உரசிப் போகும் சாலையில், குழந்தைகள் அந்தக் கதவு வழியே இறங்குவதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அளவுக்கு வருவோம். மலேசியச் சாலைகளில் நெடுநாள் ஓடிய நிசான் வேனட்டும் டொயோட்டா ஹைஏஸும் இந்த வேலைக்கு இயல்பாக வந்து சேர்கின்றன. ஹைஏஸின் வழக்கமான உருவம் 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். உள்ளகலம் ஒன்றரை மீட்டரை ஒட்டித்தான் வரும். வளர்ந்தவர் குறுக்காகப் படுக்க முடியாது, நீளவாக்கில்தான் படுக்கை போட வேண்டும். விற்பவர் முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் படுத்துப் பார்ப்பதில் வெட்கமே தேவையில்லை. தாழ்ந்த கூரையில் நிமிர்ந்து நிற்க முடியாது. உயர்ந்த கூரையில் நிற்கலாம், ஆனால் நகரத்து அடுக்குமாடிக் கார் நிறுத்தங்களின் 2.1 மீட்டர் கம்பி தடுத்துவிடும். ஊருக்கு ஊர் கடைத்தெருவில் நிறுத்திச் சாப்பிட்டுப் போகிறவர்களுக்குத் தாழ்ந்த கூரையே சௌகரியம் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. இரண்டு வேனிலும் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால், நீண்ட ஓட்டத்தில் காலடி சுடுகிறதா என்பதை அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும்.

எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சரக்கு வேன், லோரிக் கதவுகளில் பிடிஎம், பிடிஎம் என்று நாம் காதில் ஒன்றாகக் கேட்கும் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று வெற்று எடை, மற்றது சுமையோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்தான் பலகை, தண்ணீர், பேட்டரி, மனிதர் எல்லாம் அடங்க வேண்டும். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. ஈய அமில பேட்டரி ஒன்று 30 கிலோவை நெருங்கும். நால்வர் ஏறினால் இன்னொரு 250 கிலோ. கனமான மரத்தில் அழகாகச் செதுக்கிக் கட்டிய வண்டி, வீட்டார் ஏறுவதற்கு முன்பே அளவைத் தொட்டிருக்கலாம். எடை கூடினால் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். டயரையும் அதோடு பார்க்க வேண்டும். மோட்டார்ஹோம் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் வெடித்திருக்கும். டயர்ப் பக்கத்தில் கடைசி நான்கு எண்கள் 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

சமையலைப் பற்றி ஒரு சொல். வேனுக்குள் கடுகு தாளித்து, சம்பல் வதக்கினால் எண்ணெய்ப் புகை மெத்தையிலும் திரையிலும் தங்கிவிடும். பின்கதவைத் திறந்து, அதன் நிழலில் வெளியே சமைக்கும்படி அடுப்பு அமைந்த வண்டியே தமிழ்க் குடும்பத்துக்கு ஏற்றது. உள்ளே எரிவாயு இருந்தால் தரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை கட்டாயம் வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். கழிப்பறை இல்லாததைப் பெரிய குறையாக நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் மாச்சாப் போன்ற ஓய்விடங்களும் ஊருக்கு ஊர் எண்ணெய் நிலையங்களும் இருக்கின்றன.

டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கு விடை 2024இல் மாறியது. அந்த ஆண்டு ஜூன் 10 முதல் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொது மானியம் நீக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. டீசல் எஞ்சின் இழுவையில் பலசாலிதான். ஆனால் மாதம் ஒரு முறை மெர்சிங் போய்வரும் குடும்பத்துக்குப் பழைய கணக்கு இனி பொருந்தாது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக, கிராண்ட். இருக்கையைக் கழற்றுவதற்கும் உடலமைப்பை மாற்றுவதற்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். கிராண்டில் எத்தனை இருக்கை, என்ன உடல் வகை என்று எழுதியிருக்கிறதோ அதுவே வண்டியிலும் இருக்க வேண்டும். “பாஸ், அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்” என்ற பேச்சை நம்பி வாங்கினால், சோதனையில் நிறுத்தப்படும்போது நிற்பது வாங்கியவர்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. பின்னிருக்கையிலும் பட்டை அணிவது 2009 ஜனவரி 1 முதலும், குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 முதலும் சட்டம். பக்கவாட்டுப் பலகையில் பட்டை இல்லாமல் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டும் வண்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும் குடும்ப வண்டி ஆகாது.

உடலமைப்பை மாற்றாத வழிக்கு 1951ஐ நினைவுகூரலாம். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அந்த ஆண்டில் வோக்ஸ்வேகன் வேனுக்குள் வைக்க ஒரு முகாம் பெட்டியைச் செய்தது. வார நாளில் பெட்டியை இறக்கிவிட்டு வேலைக்கு ஓட்டலாம், ஞாயிறன்று ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றலாம். வண்டியின் உடலை வெட்டாத அந்த யோசனை இன்றும் உயிரோடிருக்கிறது. முதல் முறை வாங்குகிறவருக்கு அதுவே பத்திரமான வழி. வண்டியோடு அதை நிறுத்தும் இடத்தையும் யோசித்தது கேரளம். 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வண்டி நின்று தங்குவதற்கான பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது. மின் இணைப்பும் தண்ணீரும் தரும் அப்படிப்பட்ட இடங்கள் காஹாங் பக்கமும் வந்தால் ஊர்க் கடைகளுக்கும் வருமானம் வரும். மாநில அரசு இதைச் செய்ய வேண்டும்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். எந்த மோட்டார்ஹோமும் பெத்தாவுக்குப் போகாது. காஹாங்கிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாதைக்கு நான்கு சக்கர இழுவை வண்டி வேண்டும். வேனைக் காஹாங்கில் நிறுத்திவிட்டு, பூங்காவுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டியில்தான் உள்ளே போக வேண்டும்.

வாங்கப்போகிறவர்களுக்கு வேண்டுகோள் இதுதான். முதலில் ஒரு வாரக் கடைசிக்கு வாடகை வேன் எடுத்து, மழைக்காலத்தில் ஓர் இரவாவது அதில் தூங்கிப் பாருங்கள். பிறகு வண்டி தேடுங்கள். வங்கிக் கடன் பாக்கி இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனைக்கு வண்டியை அனுப்புங்கள். எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போகின்றன என்ற அறிக்கை கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.