நுரையீரலுக்குப் பரவிய பின்

கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் ஓசூர்ச் சாலை வழியாகப் பெங்களூர் வந்து, ரஃபி அகமது கித்வாயின் பெயரால் 1973இல் ஏற்பட்ட புற்றுநோய் வைத்தியசாலையில் காத்திருக்கும் தமிழர்கள் கதிர் சிகிச்சையைக் 'கரன்ட் வைப்பது' என்பார்கள். கதிரைப் பிறப்பிக்கும் யந்திரம் மின்சாரத்தில் ஓடுவதால் அதை முழுப் பிழையென்று தள்ளுவதற்கில்லை. அவர்களை நிலைகுலையச் செய்யும் வாக்கியம் வேறு: 'நுரையீரலுக்குப் பரவிவிட்டது.'

தேகமெங்கும் ஓடித் திரும்பும் ரத்தம் அனைத்தும் நுரையீரலின் மயிரிழைக் குழாய்களைக் கடந்தே மறுபடி புறப்பட வேண்டியிருப்பதால், முழங்காலருகே எலும்பில் தோன்றிய புற்றின் அணுக்கள் அங்கே தங்கிக் கட்டியாகின்றன. அப்போதும் அது எலும்புப் புற்றே.

நுரையீரலுக்குப் பரவிய இந்நிலை எப்போதும் அந்திமம் அல்லவென்று முதலில் காட்டியவர்களில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் பார்னியும் சர்ச்சிலும் உண்டு. 1933இல் அவர்கள் சிறுநீரகப் புற்றோடு நுரையீரல் கட்டியையும் அகற்றிய பெண்மணி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஜீவித்து, வேறொரு வியாதியால் இறந்தார். ஓரிடத்தில் அடங்கிய புற்றுக்கும் எங்கும் பரவிய புற்றுக்கும் நடுவே, பரவல் சிலவே என்னும் இடைநிலைக்கு 1995இல் மருத்துவர்கள் ஹெல்மனும் வைக்செல்பாமும் தனிப் பெயர் சூட்டினர்.

ஓரத்துக் கட்டிகளை ரண சிகிச்சை நிபுணர் ஆப்பு வடிவில் வெட்டியெடுத்துவிடலாம். உள்ளே ஆழ்ந்த ஒன்றுக்காக ஒரு மடலையே இழக்க நேரும்போது, அல்லது மறுபக்கத்து மார்பையும் திறக்க நோயாளிக்குச் சக்தியில்லாதபோது, மிஞ்சியதைக் கதிருக்கு விடுகிறார்கள். மூச்சோடு கட்டியும் ஏறி இறங்குமாதலால், அந்த அசைவை ஸ்கேனில் முன்கூட்டியே பதிந்து, சிலரை மூச்சடக்கச் சொல்லி, சில தவணைகளில் பெருமளவு கதிரைக் குவிக்கிறார்கள். பெரிய மூச்சுக்குழாயை ஒட்டிய கட்டிக்கு மட்டும் கதிரும் அபாயமே.

நுரையீரல் பரவலுக்கு ரண சிகிச்சை பெற்றோரைப் பற்றி 1997இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டின் 5,206 பேரில், கட்டிகள் பூரணமாக அகற்றப்பட்டோரில் 36 சதவீதத்தினர் ஐந்தாண்டு கடந்திருந்தனர். ஆனால் கத்திக்குத் தேறியவர்கள் முன்பே திடகாத்திரர்கள் என்பதை மறந்து இந்த எண்ணைப் படிப்பது தவறு. பல அவயவப் பரவல்களுக்கு இவ்வாறு குவித்த கதிரைச் சோதித்த 99 பேர் ஆய்வில், அதைப் பெற்றவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 42 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18. சிகிச்சையே மூவரின் மரணத்துக்கு ஹேதுவானதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

மூலப் புற்று அடங்கியிருக்கிறதா, கட்டிகள் எத்தனை, மிஞ்சும் மூச்சு போதுமா, ஸ்கேன் படத்தை ரண சிகிச்சை நிபுணரும் கதிர் சிகிச்சை நிபுணரும் சேர்ந்து பார்த்தார்களா என்று, சிகிச்சைக்குக் கையெழுத்திடுமுன் தயங்காமல் கேளுங்கள்.