வன்தட்டுப் பிரிவுகளை மாற்றிய பின் கணினி தொடங்காவிடின்

க.பொ.த. (சா/த) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்
அலகு: பணிசெயல் முறைமை

இப்பகுதியைக் கற்றபின் நீங்கள்,
• கணினி தொடங்கும் படிமுறைகளை ஒழுங்காகக் கூறுவீர்கள்.
• பிரிவுகளின் அளவை மாற்றும்போது தொடக்கம் ஏன் தடைப்படுகிறது என விளக்குவீர்கள்.
• கோப்புகளை இழக்காமல் திருத்தும் முறையை எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, உங்களில் பலர் சுற்றுலா சென்று சீகிரியாவைப் பார்த்திருப்பீர்கள். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் ஏறத்தாழ 200 மீற்றர் உயரமான அக்குன்றின் உச்சியில் அரண்மனை அமைத்தான். உச்சிக்குச் செல்லும் வழி இரு பெரும் சிங்கப் பாதங்களுக்கிடையே தொடங்குகிறது. அப்படிக்கட்டு உடைந்தால் மேலே எவரும் செல்ல முடியாது. ஆனால் உச்சியில் உள்ளவை அப்படியே இருக்கும். வழி மட்டுமே அடைபட்டிருக்கும்.

கணினி தொடங்காதபோதும் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. இதனை அறியாதவர் பதற்றத்தில் வன்தட்டை வடிவமைத்து விடுகின்றனர். அப்போதுதான் செயற்றிட்டக் கோப்புகளும் குறிப்புகளும் உண்மையில் இழக்கப்படுகின்றன.

2. இரட்டைத் தொடக்கம்

ஒரே கணினியில் இரு பணிசெயல் முறைமைகளை நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தெரிவுசெய்வது இரட்டைத் தொடக்கம் எனப்படும். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய இலவச மடிகணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்ததால், பழைய கணினிகளில் லினக்ஸையும் சேர்த்து நிறுவுவோர் உள்ளனர். அதற்கு இடம் ஒதுக்கவே பிரிவுகளின் அளவு மாற்றப்படுகிறது.

3. கணினி தொடங்கும் படிமுறை

(அ) மின் வழங்கியதும் பயோஸ் வன்பொருளைச் சோதிக்கும்.
(ஆ) பயோஸ் வன்தட்டின் முதலாவது துண்டத்தை வாசிக்கும். இது முதன்மைத் தொடக்கப் பதிவு எனப்படும். இதன் அளவு 512 பைற்றுகள்.
(இ) அதிலுள்ள தொடக்க நிரல், குரப் போன்ற தொடக்க ஏற்றியை அழைக்கும்.
(ஈ) தொடக்க ஏற்றி பட்டியலைக் காட்டும். தெரிவுசெய்த பணிசெயல் முறைமையைப் பிரதான நினைவகத்தில் ஏற்றும்.

512 பைற்றுகளும் பகிரப்படும் விதம்:
தொடக்க நிரல் – 446 பைற்றுகள்
பிரிவு அட்டவணை – 64 பைற்றுகள்
முடிவு அடையாளம் – 2 பைற்றுகள்

ஒரு பிரிவின் விவரத்துக்கு 16 பைற்றுகள் தேவை. ஆகவே 64 ÷ 16 = 4 முதன்மைப் பிரிவுகளே அமையலாம். மேலும் தேவையெனில் அவற்றுள் ஒன்றை நீட்சிப் பிரிவாக்கி, அதனுள் தருக்கப் பிரிவுகளை அமைக்கலாம். லினக்ஸில் தருக்கப் பிரிவுகளின் இலக்கம் 5 இலிருந்து தொடங்கும்.

4. தடை ஏற்படுவது ஏன்?

446 பைற்றுகளுக்குள் குரப் முழுவதும் அடங்காது. அதன் எஞ்சிய கோப்புகள் லினக்ஸ் பிரிவிலேயே உள்ளன. எந்த இலக்கப் பிரிவில் அவை உள்ளன என்பதைக் குரப்பின் முற்பகுதி குறித்து வைத்திருக்கும். லினக்ஸ் பிரிவு 6 ஆக இருக்கையில், அதற்கு முன்னுள்ள பிரிவு 5 ஐ நீக்கினால் லினக்ஸ் பிரிவு 5 ஆகிவிடும். குரப் தொடர்ந்து 6 ஐத் தேடும்; கிடைக்காது; 'குரப் ரெஸ்கியூ' என்னும் வரியுடன் நின்றுவிடும்.

ஏனைய காரணங்கள்:
• பிரிவின் தொடக்க எல்லையை நகர்த்துதல். விண்டோஸின் தொடக்கத் துண்டத்தில் பிரிவு ஆரம்பிக்கும் இடம் குறிக்கப்பட்டிருப்பதால் விண்டோஸும் தொடங்காமற் போகலாம்.
• விண்டோஸை மீண்டும் நிறுவுதல். அது குரப்பின் இடத்தில் தன் நிரலை எழுதிவிடும்.
• அளவை மாற்றும்போது மின் தடைப்படுதல். இதிலேதான் தரவுகளே சிதைய இடமுண்டு.

5. திருத்தும் முறை

படி 1: திரையில் தோன்றும் செய்தியை அவ்வாறே எழுதிக்கொள்க. எல்லாத் தடைகளும் பிரிவு மாற்றத்தால் வருவதில்லை. 2024 ஓகஸ்டில் வெளியான விண்டோஸ் இற்றைப்படுத்தலுக்குப் பின், பிரிவுகளைத் தொடாத சில கணினிகளிலும் லினக்ஸ் தொடங்க மறுத்தது.

படி 2: எதனையும் வடிவமைக்கவோ மீள நிறுவவோ வேண்டாம். லினக்ஸ் நேரடி இறுவட்டினால் அல்லது யூஎஸ்பி மூலம் கணினியைத் தொடங்கி, முக்கிய கோப்புகளை வேறு சேமிப்பகத்தில் பிரதி செய்க.

படி 3: ஜிபார்ட்டட் மென்பொருளில் பிரிவுகளைப் பார்த்து, லினக்ஸ் பிரிவின் புதிய இலக்கத்தைக் குறித்துக்கொள்க.

படி 4: 'குரப் ரெஸ்கியூ' வரியில் 'எல்எஸ்' கட்டளை பிரிவுகளைப் பட்டியலிடும். 'செட்' கட்டளையால் ரூட், பிரிஃபிக்ஸ் ஆகிய இரண்டுக்கும் சரியான பிரிவை வழங்குக. பின் 'இன்ஸ்மோட் நார்மல்', 'நார்மல்' என்பவற்றை முறையே இடுக. பட்டியல் தோன்றும்.

படி 5: இத்திருத்தம் தற்காலிகமானது. லினக்ஸினுள் சென்று 'குரப்-இன்ஸ்டால்' கட்டளையை வன்தட்டின் பெயருடனும், அடுத்து 'அப்டேட்-குரப்' கட்டளையையும் இயக்கினால் அது நிரந்தரமாகும்.

படி 6: விண்டோஸ் மட்டும் தொடங்காவிடின், அதன் நிறுவல் வட்டிலுள்ள தொடக்கத் திருத்த வசதியைப் பயன்படுத்துக. அங்கு முதன்மைத் தொடக்கப் பதிவை மீள எழுதினால் குரப் நீங்கிவிடும். அப்போது நேரடி இறுவட்டின் உதவியுடன் குரப்பை மீண்டும் நிறுவ வேண்டும்.

குறிப்பு: பயோஸுக்குப் பதிலாக யூஈஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளில், தொடக்க ஏற்றிகள் தனியான ஒரு சிறு பிரிவில் கோப்புகளாக இருக்கும். "சிறியதுதானே" என எண்ணி அப்பிரிவை நீக்கிவிட வேண்டாம்.

6. முன்னெச்சரிக்கை

• முதலில் காப்புப் பிரதி எடுக்க.
• விண்டோஸ் பிரிவை விண்டோஸின் வட்டு முகாமை வசதியாலேயே சுருக்குக.
• விண்டோஸை உறக்கநிலையில் விடாமல் முழுமையாக நிறுத்திய பின்னரே லினக்ஸிலிருந்து பிரிவுகளை மாற்றுக.
• இடி மின்னல் வேளையில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். தடையிலா மின்வழங்கியை இணைக்க. மடிகணினியாயின் மின்கலத்தை நிரப்பிக்கொள்க.
• வட்டு மறைகுறியாக்கப்பட்டிருப்பின் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்க.

நினைவிற் கொள்க: தொடங்காத கணினி தரவு இழந்த கணினி அன்று. முதலில் பிரதி, பின்னர் திருத்தம்.

7. மாதிரி வினா விடை

வினா 1: முதன்மைத் தொடக்கப் பதிவு முறையில் நான்குக்கு மேற்பட்ட முதன்மைப் பிரிவுகளை அமைக்க முடியாதது ஏன்?
விடை: பிரிவு அட்டவணைக்கு 64 பைற்றுகளே உண்டு. ஒரு பிரிவுக்கு 16 பைற்றுகள் வீதம் நான்கு பிரிவுகளின் விவரமே அதில் அடங்கும்.

வினா 2: இரட்டைத் தொடக்கக் கணினியொன்றில் விண்டோஸை மீள நிறுவியபின் லினக்ஸ் தெரிவு தோன்றவில்லை. லினக்ஸிலிருந்த கோப்புகள் அழிந்துவிட்டனவா?
விடை: லினக்ஸ் பிரிவு வடிவமைக்கப்படவில்லையெனில் அழிந்திருக்கமாட்டா. தொடக்க ஏற்றியே மாற்றப்பட்டுள்ளது. நேரடி இறுவட்டின் மூலம் குரப்பை மீள நிறுவினால் லினக்ஸைத் தொடங்கலாம்.

வினா 3 (பயிற்சி): முதன்மைத் தொடக்கப் பதிவில் துண்டங்களின் எண்ணிக்கை 32 பிற்றுகளில் எழுதப்படுகிறது. ஒரு துண்டம் 512 பைற்றுகள் எனின், ஒரு பிரிவின் உச்ச அளவு ஏறத்தாழ 2 தெராபைற்று எனக் காட்டுக.