கல்லூரிக்குப் போன பிள்ளை ஏன் பின்தங்குகிறது?

தோட்டப் பாடசாலையில் முதலாம் இடத்தில் நின்ற பிள்ளை, பல்கலைக்கழகம் போனபின் பின்தங்குவதுண்டு. "பட்டணம் கெடுத்துவிட்டது" என்கிறோம். பல வேளைகளில் மாறியிருப்பது பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமே. கல்வி உளவியலில் இதனைச் சுயகருத்து என்பர்.

1976இல் ஷாவெல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் இதனைக் கிளை விட்ட மரம்போல விளக்கினர். கணிதத்தில் 'என்னால் முடியும்' என்றிருக்கும் பிள்ளை, மொழிப் பாடத்தில் 'எனக்கு வராது' என்றிருக்கலாம். நல்ல பெறுபேறு இந்த எண்ணத்தை உயர்த்துகிறது. உயர்ந்த எண்ணம் அடுத்த பெறுபேற்றுக்கு உதவுகிறது. ஆகவே வெறுமனே "நீ கெட்டிக்காரன்" என்று புகழ்வதால் மட்டும் பயனில்லை.

பிள்ளை தன்னை அளப்பது சுற்றியிருப்போரைப் பார்த்துத்தான். ஹெர்பர்ட் மார்ஷ் என்பவர் 1980களில் இதற்குச் சிறு குளத்துப் பெரிய மீனை உவமை காட்டினார். குளம் பெரிதானால், அதே மீன் தன்னைச் சிறிதாக எண்ணிக்கொள்கிறது. இடம்பெயர்ந்து புதுப் பாடசாலையில் சேர்ந்த நம் சிறுவர்களுக்கும் இது நேரலாம்.

மலையகத்தில் இன்னொன்றும் சேர்கிறது. உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் படித்தவர், பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரைக்கு முன் அமர்கிறார். மொழி பிடிபடாததை மூளை இல்லாததாக எண்ணிவிடுகிறார். கேள்வி கேட்கக் கூச்சம், கேட்காததால் பாடம் விளங்குவதில்லை, புள்ளி குறைகிறது. குறைந்த புள்ளி அந்த எண்ணத்தை உறுதியாக்குகிறது. பக்கத்துக் கதிரையில் இருப்பவரும் திணறுவது இவருக்குத் தெரிவதில்லை!

1940களில் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களில்தான் அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின. அதனால் பல லயங்களில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். "நானும் முதல் வருடம் இப்படித்தான் தடுமாறினேன்" என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. "தோட்டக்காட்டான்" என்ற ஏச்சைச் சொல்லத்தான் வெளியே ஆளுண்டு.

அந்த ஏச்சு மனதை நோகச் செய்வதோடு நிற்பதில்லை. இந்தியாவின் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களிடம் ஹாஃப், பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முடிவு 2004இல் வெளியாயிற்று. சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்தனர். எல்லார் முன்னும் சாதியை அறிவித்ததும், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்தது. திறமை அரைமணியில் மாறிவிடுமா?

விடுமுறைக்குப் பிள்ளை வரும்போது, எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள். போன முறை விளங்காத எது இம்முறை விளங்கிற்று என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உண்மையான முன்னேற்றம் இருந்தால், அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பக்கத்துத் தோட்டத்தில், ஒரு பாடம் தவறி மீண்டும் எழுதித் தேறிய அண்ணனோ அக்காவோ இருந்தால், ஒரு பின்னேரம் பிள்ளையை அங்கே அனுப்பிவையுங்கள்.