மழை பெய்தால் உப்பு இல்லை... உப்பு இல்லாவிட்டால்?

ஒரு சின்ன டெஸ்ட். பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம். மனசுக்குள்ளேயே போட்டுப் பாருங்க.

'மழை பெய்தால் மரக்காணத்தில் உப்பு வாரமாட்டார்கள். இன்று உப்பு வாரவில்லை. ஆகவே, இன்று மழை பெய்திருக்கிறது.'

சரியா, தப்பா? பட்டென்று 'சரி' சொல்லிட்டீங்களா? கவலையே வேண்டாம், ஊரில் பாதிப் பேர் உங்க கட்சிதான். ஆனால், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சீட் வாங்கித் தரும் 'கிளாட்' தேர்வில் இதே பதிலைச் சொன்னால் கால் மார்க் போச்சு!

சென்னையில் இருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போயிருந்தால் மரக்காணத்தைப் பார்த்திருப்பீங்க. ரோட்டோரம் கட்டம் கட்டமாகப் பாத்திகள், கரையில் வெள்ளை வெளேர் அம்பாரங்கள். காரை நிறுத்தி செல்ஃபி எடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அங்கே ப்ளஸ் டூ படிக்கிற ஒரு தங்கச்சிக்கு வக்கீலாகணும் என்று ஆசை. அம்மாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. லாஜிக்கல் ரீசனிங் கேள்வித்தாளை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்ன டயலாக் இது: "அக்கா, நாலு ஆப்ஷனும் சரி மாதிரியே இருக்கு. எதைப் படிச்சாலும் ஆமான்னுதான் தோணுது!"

இந்தத் தேர்வின் மொத்தக் கஷ்டமும் இந்த ஒரு வரியில் அடக்கம். தப்பான ஆப்ஷனை யாரும் தப்பு மாதிரி எழுதுவதில்லை, பார்த்தால் சரி மாதிரியே தெரியணும் என்றுதான் எழுதுகிறார்கள்.

முதலில் கிளாட் ஜாதகம். 2008-ல் தொடங்கிய தேர்வு இது. 2019 வரைக்கும் லாஜிக்கல் பகுதி என்றால் ரத்த உறவு, வட்ட மேஜையில் யார் பக்கத்தில் யார் என்கிற மாதிரி புதிர்கள்தான் பெரும்பாலும் வரும். மனப்பாடம் மாதிரி பயிற்சி எடுத்தே ஓட்டிவிடலாம். 2020-ல் எல்லாம் தலைகீழ். ஏறக்குறைய 450 வார்த்தையில் ஒரு கட்டுரை கொடுப்பாங்க. எழுதியவர் எதை நிறுவப் பார்க்கிறார், எதைச் சொல்லாமலேயே நம்பிக்கொண்டிருக்கிறார், எதைச் சொன்னால் அவர் வாதம் ஆட்டம் காணும் என்று கேட்பாங்க. இப்போது 120 கேள்வி, 120 நிமிஷம். அதில் 22 முதல் 26 வரை லாஜிக்கல் கேள்விகள். பஸ் ஸ்டாண்டில் பாதி விலைக்கு வாங்கின பழைய கைடை வைத்துக்கொண்டு 'மாமனாரின் மகளின் சகோதரன்' கணக்கு போட்டுக்கொண்டிருந்தால், ப்ளீஸ், மூடி வெச்சிடுங்க.

இப்போ நம்ம உப்புக்கு வருவோம். உப்பு வாராததற்கு மழை மட்டும்தான் காரணமா என்ன? மோட்டார் ரிப்பேராக இருக்கலாம். ஊரில் திருவிழாவாக இருக்கலாம். தண்ணி இன்னும் பக்குவத்துக்கு வராமல் இருக்கலாம். 'மழை பெய்தால் வாரல் இல்லை' என்ற வாக்கியத்தில் இருந்து நிச்சயமாக எடுக்க முடிந்தது ஒன்றே ஒன்று: உப்பு வாரிக்கொண்டிருந்தால், மழை பெய்யவில்லை. திருப்பிப் போடும்போது ரெண்டு பக்கமும் 'இல்லை'யை மாற்றணும். பாதி மட்டும் திருப்பினால் வழுக்கிவிடும்.

அடுத்த வில்லன், ஆங்கிலத்தில் வரும் 'இஃப்', 'ஒன்லி இஃப்'. ரெண்டும் கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலை நேர் எதிர். தமிழ்வழியில் படித்தவங்க இங்கே தடுமாறுவாங்க என்றுதான் எல்லோரும் சொல்வாங்க. எனக்கென்னவோ நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறதாகத் தோணுது. நம்மகிட்ட 'தான்' இருக்கே! 'மழை விட்டால் வாருவோம்' வேற. 'மழை விட்டால்தான் வாருவோம்' வேற. முதலாவது வாக்குறுதி, ரெண்டாவது கண்டிஷன். மழை விட்ட பிறகும் வாராமல் இருந்தால், முதல் ஆள் பொய் சொன்னவர் ஆகிறார், ரெண்டாவது ஆள் ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். கேள்வியில் 'ஒன்லி இஃப்' வந்தால் அந்த இடத்தில் ஒரு 'தான்' ஒட்டிப் படிச்சுப் பாருங்க.

உப்பளத்தில் இதற்கு அச்சு அசலான உதாரணம் இருக்கு. கடல் தண்ணியின் அடர்த்தி போமே அளவில் சுமார் 3 டிகிரிதான். வெயிலில் காயக் காய ஏறி, ஏறத்தாழ 25 டிகிரியைத் தொட்டால்தான் சாப்பாட்டு உப்பு படிய ஆரம்பிக்கும். அதற்கு முன்னாடியே ஜிப்சம் படிஞ்சுடும். 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மெக்னீசியம் உப்புகள் கலந்து கசக்கும். சரி, 25 தொட்டாச்சு. உப்பு நிச்சயமா? சாயங்காலம் ஒரு மழை அடிச்சா அத்தனையும் நீர்த்துப்போகும். ஆக, 25 டிகிரி அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. இந்த 'அவசியம்', 'போதும்' விவகாரத்தைத்தான் கேள்வி எடுப்பவர்கள் வேஷம் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள்.

சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் கேள்வி இன்னும் பேஜார். 'நவம்பரில் உப்பு விலை ஏறியது. ஆகவே, உப்பளத் தொழிலாளிக்கு நல்ல வருமானம்.' ஓட்டை எங்கே? உப்பை விற்கிறவரும் உப்பை வாருகிறவரும் ஒரே ஆள் என்று இந்த வாதம் சத்தமில்லாமல் நம்புகிறது. நான் கேட்டதும் நம்ம தங்கச்சி ஒரு செகண்டுகூட யோசிக்கவில்லை. "அம்பாரம் முதலாளிதுக்கா. நவம்பர்ல எங்கம்மாக்கு வேலையே கிடையாது!" இதையே ஆங்கிலத்தில், ஏதோ ஒரு நாட்டு காப்பித் தோட்டத்தை வைத்து எழுதியிருந்த கேள்வியில் அவள் தப்பு பண்ணியிருந்தாள்.

ஆக, அவளுக்கு லாஜிக் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கமாட்டேன். கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. பிராந்திய மொழிகளிலும் நடத்தணும் என்று 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டாங்க. விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி., வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 3,500. கெடு முடிவது அக்டோபர், நவம்பர் வாக்கில், அதாவது பாத்தியில் மழைத்தண்ணி நிற்கிற, கூலி நின்றுபோன நேரத்தில். தேர்வு டிசம்பரில். 2024-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நவம்பர் 30 ராத்திரி. அந்த வருஷ கிளாட் தேதி டிசம்பர் 1, மதியம் 2 மணி!

கேள்வி எடுக்கிற பெரியவங்களுக்கும் சறுக்கும், தெரியுமா? அதே தேர்வின் விடைகளை எதிர்த்து மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. ரெண்டு கேள்விகளில் தப்பு என்று 2024 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம்தான் ஒரு முடிவுக்கு வந்தது.

அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. அங்கே எல்சாட் தேர்வில் 'லாஜிக் கேம்ஸ்' என்று ஒரு பகுதி. கட்டம் போட்டு, படம் வரைந்து விடை கண்டுபிடிக்கணும். பார்வையில்லாத ஆஞ்சலோ பின்னோ என்பவர், 'நான் எப்படிப் படம் வரைவேன்?' என்று 2011-ல் வழக்குத் தொடர்ந்தார். 2019-ல் சமரசம். 2024 ஆகஸ்ட்டில் இருந்து அந்தப் பகுதியே இல்லை.

கணக்கு விஷயம் ஒன்று (இன்ஜினீயரிங் புத்தி, போகாது!). தப்புக்குக் கால் மார்க் கழிப்பாங்க. கண்ணை மூடிக்கொண்டு 16 கேள்வி அடித்தால் சராசரியாக 4 சரி, 12 தப்பு. கையில் மிஞ்சுவது 1 மார்க். நாலு ஆப்ஷனில் ரெண்டை நியாயமாக வெட்டிவிட்டு அதே 16-ஐ அடித்தால் 8 சரி, 8 தப்பு, 6 மார்க் மிச்சம். சரியானதைத் தேடுவதைவிட தப்பை வெட்டப் பழகுங்க. வெட்டும்போது 'ஏன் தப்பு' என்று ஓரத்தில் நாலு வார்த்தை எழுதுங்க, தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. நம்ம தங்கச்சி இப்போது ஒரு நோட்டு போட்டு அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். பத்து கேள்விக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று புலம்பல் வேற. ஆகட்டும், ஸ்பீடு அப்புறம் வரும்.

கிளாட் கிடைக்கவில்லை என்றால் சட்டப் படிப்பே போச்சு என்று நினைக்கிறவங்களுக்கு... தமிழக அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். 2017-ல் விழுப்புரத்திலேயே ஒன்று ஆரம்பித்துவிட்டாங்க. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவிகித ஒதுக்கீடும் உண்டு. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வேணும் என்றால் கிளாட்தான். அதற்குக் காசு கொட்டி கோச்சிங் போக முடியாதவங்க, பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய 'இடியா' அமைப்பை விசாரியுங்க. வசதியில்லாத மாணவர்களைத் தேர்ந்தெடுத்து இந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கிறவங்க அவங்க.